ரிப்போர்ட் நார்மல், ஆள் நார்மல் இல்லை: எச்.ஐ.வி. உள்ள அண்ணனைப் பற்றிக் கேட்ட தங்கைக்கு

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு 47 வயது, தையல் கடை வைத்திருக்கிறார். 2009-ல் காசநோய் வந்தபோதுதான் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து, எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கிற ஏஆர்டி மாத்திரையை ஒருநாள்கூட விட்டதில்லை. போன பரிசோதனையில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலை, நோய் எதிர்ப்பு அணுக்களின் கணக்கான சிடி4 610. ஆனால் பாதம் எரிகிறது, ராத்திரி தூக்கமில்லை, மதியத்துக்கு மேல் மிஷினில் உட்கார முடியாத அசதி, வீட்டில் யாரோடும் பேச்சில்லை. கேட்டால் "எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன?" என்கிறாராம். நோய் முற்றுகிறதா, மாத்திரை வேலை செய்யவில்லையா, அல்லது மாத்திரைதான் இப்படிச் செய்கிறதா, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி: "என் பிள்ளைகள் அவரோடு ஒரே தட்டில் சாப்பிடலாமா?"

முதலில் பெரிய பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்தால் எச்.ஐ.வி. கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. எக்காரணம் கொண்டும் நிறுத்திப் பார்க்காதீர்கள். நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி பெருகத் தொடங்கிவிடும். விட்டு விட்டுச் சாப்பிட்டாலோ வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ளும், இப்போது கேட்கிற மாத்திரை நாளைக்குக் கேட்காமல் போகும்.

அதே சமயம், அண்ணன் படுகிற கஷ்டம் கற்பனை இல்லை. அந்த ரிப்போர்ட், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற ஒரு கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்கிறது. பாதம் எரிகிறதா, ராத்திரி தூங்கினாரா, யாரோடாவது சிரித்துப் பேசினாரா என்பதெல்லாம் அதில் வராது. அதை ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்கிற இடத்தில் நானே இருந்தவள். ஏஆர்டி மையம் ஒன்றில் 12 வருடம் ஆலோசகராக வேலை பார்த்தேன். மாத்திரை வாங்க வருகிறவரிடம் "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்போம். "ஒண்ணும் இல்லைங்க" என்பார்கள். நானும் 'இல்லை' என்று எழுதி அடுத்தவரைக் கூப்பிடுவேன். வெளியே பெஞ்சில் 40 பேர் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி எழுதிய 'இல்லை'களில் பலவற்றை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து முந்திரி உடைக்கிற அக்கா ஒருவர் வருவார். கையெல்லாம் முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்திருக்கும். மாதா மாதம் "ஒண்ணும் இல்லைம்மா". ஒரு மே மாதம், மாத்திரையை வாங்கிக்கொண்டு அவர் வெளியே போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொதிக்கிற சிமெண்ட் தரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து போகிறார். ஓடிப்போய் ஏன் என்று கேட்டேன். "செருப்பு வாரு பட்ட இடம் நெருப்பா எரியுதும்மா. ஆனா தரை சூடு தெரியல" என்றார். எத்தனை நாளாக என்றால், ரெண்டு வருஷமாகவாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "உசுரோட இருக்கறதே பெருசு, இதைப் போய் சொல்லவா?" என்றார். அதற்குப் பிறகுதான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். தொந்தரவு உண்டா என்று கேட்பதை விட்டுவிட்டு, நேற்று ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், காலையில் எழுந்ததும் முதலில் எங்கே வலித்தது, கடைசியாக எப்போது ஒரு விசேஷத்துக்குப் போனீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். அப்படிக் கேட்டால் 'ஒண்ணும் இல்லைங்க' என்று சொல்ல முடியாது. நீங்களும் உங்கள் அண்ணனிடம் இப்படியே கேளுங்கள்.

சரி, பாதத்துக்கு வருவோம். 2009-ல் காசநோய் வந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். என் கணிப்பில் பாதி விடை அந்த வரியில் இருக்கிறது.

இந்தியாவில் அரசின் இலவச ஏஆர்டி திட்டம் 2004 ஏப்ரலில் தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் கொடுத்த கூட்டு மருந்துகளில் ஸ்டாவுடின் என்று ஒன்று உண்டு. விலை குறைவு, வைரஸை நன்றாகவே அடக்கும், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பாதத்துக்குப் போகிற நுண்ணிய நரம்புகளை அது கெடுக்கும், கன்னத்துக் கொழுப்பையும் கரைக்கும். அந்தக் காலத்து ஆட்கள் சிலருக்குக் கன்னம் ஒட்டிப்போய் முகமே மாறியிருக்கும், பார்த்திருப்பீர்கள். 2009 கடைசியில்தான் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. இன்னொரு பக்கம், காசநோய்க்குக் கொடுக்கிற ஐசோநியாசிட் உடம்பிலிருக்கும் பி6 வைட்டமினைக் குறைக்கும், அதனாலும் பாத நரம்பு கெடும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டவர்களுக்குப் பாத எரிச்சல் வருவது அதிகம். போதாததற்கு, சிகிச்சை தொடங்கும் முன் உடம்பில் வருடக்கணக்காகப் பெருகிய எச்.ஐ.வி.யே நரம்பைத் தாக்கியிருக்கும். சிடி4 நன்றாகக் குறைந்த பிறகே மாத்திரை தொடங்கிய காலம் அது. தொற்று தெரிந்த உடனே எல்லோருக்கும் மாத்திரை என்பது 2017-ல் வந்தது.

அண்ணன் அன்று ஸ்டாவுடின் சாப்பிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. ஏஆர்டி மையத்தில் சிகிச்சை விவரம் எழுதித் தருகிற அவருடைய பச்சைப் புத்தகத்தின் பழைய பக்கங்களில் மருந்துப் பெயர் இருக்கும், பாருங்கள். மருந்தை மாற்றி வருடங்கள் ஆனாலும் கெட்ட நரம்பு முழுதாகத் திரும்பாமல் இருக்கலாம். இப்போது சாப்பிடுகிற மாத்திரைமேல் பழியைப் போட்டு அதை நிறுத்தினால், பழைய மருந்து செய்த காரியத்துக்குப் புது மருந்தைத் தண்டித்ததாகிவிடும்.

ஆனால் அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். 47 வயதில் பாதம் எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. அடுத்தது பி12 குறைவு. தைராய்டையும் சேர்த்துப் பார்க்கலாம். அப்புறம் குடி. பாண்டி எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிற நம் பக்கத்து ஆண்களிடம் இதைக் கேட்காமல் விட முடியாது. குற்றம் கண்டுபிடிக்கிற தொனியில் கேட்டால் பொய்தான் பதிலாக வரும். வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு என்று சாதாரணமாகக் கேட்டால் சொல்வார்கள். சாராயம் நேரடியாக நரம்பைக் கெடுக்கும், தூக்கத்தையும் கெடுக்கும்.

டாக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதைக் கேட்டுப் பெறுங்கள். இசைக்கவையைத் தட்டிக் கால் கட்டைவிரல் எலும்பின்மேல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள், மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள், குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரைச் சுத்தியால் தட்டுவார்கள். ஐந்து நிமிட வேலைதான். செருப்பைக் கழற்றாமலே 'நரம்புத் தளர்ச்சி' என்று சத்து ஊசி எழுதிக் கொடுத்தால் அது போதாது. கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்கிற நரம்பு ஊசி, நரம்பு மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை: பி6 குறைந்தாலும் பாதம் எரியும், அதிக அளவில் மாதக்கணக்காகச் சாப்பிட்டாலும் பாதம் எரியும்.

எரிச்சலுக்கு மருந்து உண்டு. அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின் என்று சில, இரவில் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். நரம்பைப் பழையபடி ஆக்காவிட்டாலும் சிலருக்கு எரிச்சலைத் தணிக்கும், தூங்கவும் விடும். இங்கே மிக முக்கியமான ஒன்று. நரம்பு வலிக்குச் சில டாக்டர்கள் கார்பமசெபின் எழுதுவார்கள். இப்போது பெரும்பாலானவர்கள் சாப்பிடுகிற டி.எல்.டி. என்ற மூன்று மருந்து சேர்ந்த ஏஆர்டி மாத்திரையில் இருக்கிற டோலுடெக்ராவிரின் அளவை அது ரத்தத்தில் குறைத்துவிடும். வலிப்பு மருந்து பினிட்டாயினும் அப்படித்தான். அதனால் நரம்பு டாக்டரைப் பார்க்க ஜிப்மருக்கே போனாலும், கடலூரில் தனியார் டாக்டரிடமே போனாலும் ஏஆர்டி சாப்பிடுவதைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வாய் வராவிட்டால் பச்சைப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தால் போதும்.

தையல்காரர் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். மரத்துப்போன காலில் ஊசி ஏறினால்கூடத் தெரியாது. தையல் கடைத் தரையில் குண்டூசிக்குப் பஞ்சமில்லை. வெறுங்காலில் மிதி மிதிக்க வேண்டாம், மெத்தென்ற மூடிய செருப்பு போட்டுக்கொண்டு மிதிக்கட்டும். ராத்திரி படுக்கும் முன் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்க்கட்டும். எரிகிறதே என்று ஐஸ் தண்ணீரிலோ சுடுதண்ணீரிலோ காலை வைக்கக் கூடாது. சாதாரணத் தண்ணீர் போதும்.

தூக்கம். மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். முன்பு பலருக்குக் கொடுத்த எபாவிரென்ஸ் தலைச்சுற்றலும் விசித்திரமான கனவுகளும் கொடுக்கும், அதனால் அதை ராத்திரி படுக்கும் நேரத்தில் சாப்பிடச் சொன்னோம். அந்தப் பழக்கத்தில் டோலுடெக்ராவிர் உள்ள இன்றைய மாத்திரையையும் ராத்திரியே சாப்பிடுகிறவர்கள் உண்டு. இதுவோ சிலருக்குத் தூக்கத்தை விரட்டும். காலைக்கு மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது. மையத்தில் கேட்டுவிட்டு மாற்றுங்கள், எப்படி மாற்றுவது என்று சொல்வார்கள். அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார்க்காமல் நீங்களாக மாற்ற வேண்டாம்.

பாத எரிச்சல் ராத்திரியில் கூடும் என்பதால் தூக்கம் கெடுவதற்கு அதுவே போதுமான காரணம். எரிச்சலைக் கவனித்தாலே தூக்கம் பாதி வந்துவிடும். மீதிப் பாதி மனசில் இருக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன்.

அசதி என்பதை வயசாகிவிட்டது, ரத்தம் குறைவு என்று ஊகத்தில் விட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, இத்தனையும் பார்க்கலாம். ஸிடோவுடின் இருக்கிற கூட்டு மருந்து சாப்பிடுகிறவர் என்றால் ரத்தசோகை வர வாய்ப்பு உண்டு. டெனோபோவிர் என்ற ஏஆர்டி மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொடும் என்பதால்தான் கிரியேட்டினின் பார்க்கிறோம். காசநோய் ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரலாம். இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை நான்கில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் அசதி போகவில்லை என்றாலும் அதற்கு அர்த்தமிருக்கிறது. வைரஸை அடக்கி வைத்திருந்தாலும் உடம்புக்குள் லேசான அழற்சி தொடர்ந்து இருந்துகொண்டே இருக்கும் என்பது ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம். மாரடைப்பு, சர்க்கரை போன்றவை இவர்களுக்குக் கொஞ்சம் முன்னதாக வருவதற்கும் அது ஒரு காரணம். பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் விடுவதைப் போல நன்மை செய்கிற மருந்து வேறில்லை.

இங்கே இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள், அஜீரணத்துக்கு ஜெலுசில் மாதிரி ஏதாவது குடிக்கிறாரா? அதிலிருக்கும் அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக விடாது. ஏஆர்டி மாத்திரை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அதைக் குடிக்கலாம். முதலில் அதைக் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் மாத்திரை. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளும் அப்படியே, ஆனால் அவற்றைச் சாப்பாட்டோடு ஏஆர்டியுடன் சேர்த்தே போட்டுக்கொள்ளலாம். நாளைக்குச் சர்க்கரை என்று தெரிந்து மெட்பார்மின் தொடங்கினால் அதன் அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு, ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்ப்பார்கள். மூலிகை மருந்தால் எச்.ஐ.வி.யை அடியோடு தீர்க்கிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதை நம்பி ஏஆர்டியை விட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் திரும்பக் கொண்டுவந்து நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது, பேசாமல் இருப்பதைப் பற்றி. உங்கள் கேள்வியில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது பாதமோ தூக்கமோ இல்லை, இதுதான்.

உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி. உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறது. மொத்தம் 31 கேள்விகள். உடம்பு, மனசு, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறதா என்பது, உறவுகள், சுற்றுச்சூழல், நம்பிக்கைகள் என்று ஆறு பகுதி. வலி, தூக்கம் பற்றியெல்லாம் கேட்கும். அதோடு, இந்தத் தொற்றுக்காக மற்றவர்கள் உங்களைக் குறை சொல்வது எவ்வளவு வருத்துகிறது, எதிர்காலத்தை நினைத்துப் பயமா, கையில் தேவைக்குப் பணம் இருக்கிறதா, தாம்பத்தியத்தில் நிறைவு உண்டா என்றும் கேட்கும். முதன்முதலாக அதைப் படித்தபோது, இந்தக் கேள்விகளில் முக்கால்வாசியை நான் ஒருவரிடமும் கேட்டதில்லை என்பது உறைத்தது. எச்.ஐ.வி. திட்டங்களின் இலக்கு 90-90-90 என்று இருந்த காலத்தில், அதாவது தொற்று உள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தவர்களில் நூற்றுக்கு 90 பேர் சிகிச்சையில் இருக்க வேண்டும், அவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு வைரஸ் அடங்கியிருக்க வேண்டும் என்று இருந்தபோது, நான்காவதாக இன்னொரு 90 வேண்டும், அது நல்ல வாழ்க்கைத் தரம் என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் 2016-ல் எழுதினார்கள். உங்கள் அண்ணன் முதல் மூன்றிலும் தேறியவர். நான்காவதில் அவரை யாரும் இன்னும் பார்க்கவில்லை.

இந்த ஊர்களில் இந்த நோயோடு வாழ்வது எப்படி என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கடலூர்க்காரர் பாண்டியில் மாத்திரை வாங்க விரும்புவார், பாண்டிக்காரர் கடலூருக்கோ விழுப்புரத்துக்கோ வருவார், தெரிந்த முகம் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. மாத்திரை டப்பா பஸ்ஸில் கலகலவென்று சத்தம் போடும் என்று உள்ளே பஞ்சை அடைத்துக்கொண்டு போவார்கள். தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர், கடலுக்குப் போனால் மூன்று நான்கு நாள் தங்க வேண்டும் என்பதால், மாத்திரையை வெற்றிலைப் பையின் அடியில் வைத்திருப்பார். மற்றவர்கள் தூங்கிய பிறகு எடுத்து விழுங்குவாராம். "மாத்திரை கசக்கலைங்க, ஒளிஞ்சு சாப்பிடறதுதான் கசக்குது" என்றார் ஒருமுறை. இப்படிப் பத்துப் பதினைந்து வருடம் ஒளித்து வாழ்கிறவருக்குப் பேச்சு குறையத்தான் செய்யும்.

அது மனச்சோர்வாகவும் இருக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். ஆண்கள் அழ மாட்டார்கள், 'அசதியா இருக்கு' என்பார்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த இரண்டு வாரத்தில் மனசு சோர்ந்து, எதிலும் நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? முன்பு பிடித்த வேலையில் இப்போது விருப்பமில்லாமல் போய்விட்டதா? இரண்டில் ஒன்றுக்குப் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான் என்று பதில் வந்தால் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம். சாகலாம் போலிருக்கிறது என்று எப்போதாவது வாயில் வந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். தொலைபேசியில் பேச டெலிமானஸ் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம், இலவசம். எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097. மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கினால் கொஞ்ச வாரம் பொறுக்க வேண்டும். பாத எரிச்சலுக்குச் சொன்ன அமிட்ரிப்டிலினே மனச்சோர்வுக்காக வந்த மருந்துதான். ஆனால் எரிச்சலுக்குக் கொடுக்கிற சின்ன அளவு மனசுக்குப் போதாது, இரண்டையும் டாக்டரிடம் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

வீட்டில் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்குத் தனி டம்ளர், தனி சோப்பு, துணி தனியாகத் துவைப்பது என்று ஏதாவது 2009-ல் தொடங்கி இன்னும் தொடர்கிறதா? பல வீடுகளில் அன்று பயத்தில் செய்ததை இன்று யாரும் யோசிக்காமலே செய்துகொண்டிருக்கிறார்கள். வெறுப்பு இல்லை, வெறும் பழக்கம். ஆனால் அந்த டம்ளரை எடுக்கும்போதெல்லாம் அவருக்கு 2009 ஞாபகம் வரும். ஆலோசனைக்கு வந்த ஒரு வீட்டில், தட்டின் விளிம்பில் ஆணியால் ஒரு புள்ளி குத்தி அடையாளம் வைத்திருந்தார்கள். 11 வருடம் அந்தப் புள்ளியைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறார் அந்த மனிதர்.

தாமதிக்கக் கூடாத சில அறிகுறிகள் உண்டு. வாந்தியோடு விடாத தலைவலி, பார்வை மங்குவது, மூச்சு வாங்குவது, விழுங்கும்போது வலி அல்லது வாயில் வெள்ளைப் படலம், இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், ஒரு பக்கம் கைகால் விழுவது. சிடி4 610 இருக்கிற உங்கள் அண்ணனுக்கு இவற்றில் பல வருவது அபூர்வம். மாத்திரையை விட்டவர்களுக்கும் சிடி4 200-க்குக் கீழே இருப்பவர்களுக்கும்தான் பெரும்பாலும் வரும். வந்தால் மாத்திரை வாங்குகிற தேதிவரை காத்திருக்க வேண்டாம். உடம்பில் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம் வரிசையாக வந்தால் அது அக்கி. குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதுவது நம் பக்கத்து வழக்கம். மனசுக்கு ஆறுதல் என்றால் எழுதிக்கொள்ளட்டும். ஆனால் கொப்புளம் வந்த மூன்று நாளுக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன், அதனால் முதலில் டாக்டர்.

அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது அவர் சம்மதித்தால் நீங்களும் கூடப் போங்கள். போவதற்கு முன் ஒரு வாரம், ஒரு துண்டுக் காகிதத்தில் அவரையே எழுதச் சொல்லுங்கள். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை முறை விழித்தார், எரிச்சல் பத்துக்கு எத்தனை, எந்த நேரத்தில் அதிகம், மதியம் எத்தனை மணிக்கு மிஷினை விட்டு எழுந்தார். 'அசதியா இருக்கு' என்றால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. 'முன்பு ஒரு நாளைக்கு ஆறு ரவிக்கை தைப்பேன், இப்போது இரண்டுதான் முடிகிறது' என்றால் யாராக இருந்தாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். காகிதத்தை நீட்டி, இதைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். எழுதியது அடுத்த முறை வேறு டாக்டர் இருந்தாலும் அவர் கண்ணில் படும். ஒரு இடத்தில் காது கொடுக்கவில்லை என்றால் ஆலோசகரிடம் சொல்லுங்கள், அதற்குத்தான் அந்த நாற்காலி. 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிற எச்.ஐ.வி. சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கவோ, சட்டமே சொல்கிற சில விலக்குகளைத் தவிர, அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவரிடம் அதைச் சொல்லவோ யாருக்கும் உரிமையில்லை. இது உங்களுக்கும் பொருந்தும் தங்கை. அவருக்கு உதவி கேட்கிறேன் என்று அவரைக் கேட்காமல் உறவினர் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

பிள்ளைகள் ஒரே தட்டில் சாப்பிடலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் சாப்பிடலாம். எச்சிலில், வியர்வையில், ஒரே டம்ளரில், கட்டிப்பிடிப்பதில், முத்தம் கொடுப்பதில் இது பரவாது; மாத்திரை இல்லாத காலத்திலும் இப்படியெல்லாம் பரவியதில்லை. வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவில்கூடத் துணைக்குப் பரவாது என்பதை உலக சுகாதார நிறுவனமே 2023-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ரத்ததானம் மட்டும் அவர் செய்யக் கூடாது, சவர பிளேடு அவருக்கென்று தனியாக இருக்கட்டும், அது எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை குழம்பைப் பிசைந்து பிள்ளைகளுக்கு உருட்டிக் கொடுக்கச் சொல்லி அண்ணனிடமே தட்டைக் கொடுங்கள். முதலில் அவரே வேண்டாம் என்பார், பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுவார். ஏஆர்டி மையத்தில் வேலை பார்த்தவரிடம் கேட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். அவர் நம்பவில்லை என்றால் அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது அவர் எதிரிலேயே மறுபடி கேளுங்கள்.